வெள்ளை முதுகு

என் புருஷன் கோஹெய் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். போன குளிர்காலத்தில் எங்கள் மீன் வடைக் கடையில், பொரிப்பதற்கு மீன் அரைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். டாக்டர் அடைப்பை எடுத்து உயிரோடு திருப்பிக் கொடுத்தார். மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டாம், கோபப்பட வேண்டாம், வலி வந்தால் அந்த நிமிஷமே இந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். இந்த மனிதர் என்ன செய்தார்? பிழைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமாம், அந்தக் காலத்தில் மகாகுரு எங்கள் தீவைச் சுற்றி நடந்த வழியில் இருக்கும் எண்பத்தெட்டுக் கோயிலையும் நடந்தே சுற்றி வரப் போகிறாராம். நன்றி சொல்லப் போன இடத்தில் மறுபடி சாய்ந்தால் மகாகுருவே சிரிப்பார் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனியே விட்டால் ஆள் முழுசாகத் திரும்பாது என்று, எங்கள் ஊர் உவாஜிமாவில் கடையைப் பூட்டிவிட்டு நானும் யாத்திரைக்கான வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த வெள்ளை உடுப்பே எனக்கு ஆகாது. பிணத்துக்கு உடுத்துவதும் அதுதான். வழியில் செத்தால் அப்படியே புதைத்து, கைத்தடியைத் தலைமாட்டில் நட்டுவிட்டுப் போகலாம் என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. இவருக்கு அதில் பெருமை வேறு. "எல்லாம் ரெடியா இருக்கு பாரு, உனக்குச் செலவே இல்ல" என்று காலையில் உடுப்பை மாட்டும்போதெல்லாம் சொல்லுவார். "வாயக் கழுவுங்க" என்பேன் நான்.

அறுபதுக்கு மேல் கோயில்கள் முடித்து, ஏப்ரல் மாதக் கடைசியில் ஷின்முஜி மலைக்கு வந்தோம். நான் அடம் பிடித்து அவரை ரோப் காரில் மேலே ஏற்றினேன். இறங்கும்போது அவர் அடம் பிடித்தார். சண்டை மூலக்கோயிலுக்கு முன்னாலேயே, ஊதுபத்திப் புகைக்கு நடுவில் நடந்தது.

"ரோப் கார்ல வந்ததுக்கே எனக்கு மானம் போச்சு. எறங்குறப்பவாவது காலால எறங்குறேன்" என்றார்.

"மானம் போனா வரும். அந்தச் சரிவுக்குப் பேரே என்ன தெரியுமில்ல? யாத்திரைக்காரன் உருளுற சரிவு!"

"உருண்டா சீக்கிரம் போய்ச் சேரலாம்ல."

"அடைப்பெடுத்த நெஞ்ச வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் கோபப்படாதீங்கன்னும்தான் சொன்னாரு. நீ விட்டாத்தானே!"

பக்கத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் முன்னாடி போறேன், நீ முத்திரைய வாங்கிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார். யாத்திரைப் புத்தகத்தில் கோயில் முத்திரை போட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒரு பஸ் கூட்டமே எனக்கு முன்னால் நின்றது. நான் பொறுமையாக நின்றேன். சுமை தூக்கக் கூடாது என்று அவர் பையையும் நானே வாங்கி என் பைக்குள் திணித்து வைத்திருந்தேன் என்பதும், மாத்திரை, போன் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பதும் அப்போது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

வெளியே வந்தபோது கோயிலைக் காணோம். அந்த மலையில் மூடுபனி அப்படித்தான் வரும். நின்ற இடத்திலிருந்து நாலு எட்டுக்கு அப்பால் வெறும் பால் மாதிரி இருந்தது. இறங்கும் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு வெள்ளை முதுகும் ஒரு கோரைத் தொப்பியும் மட்டும் தெரிந்தன. கைத்தடியில் கட்டிய மணி கிணுகிணுத்தது.

"ஏங்க! நில்லுங்க!"

நிற்கவில்லை. சரி, கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்போம். அதே சட்டை, அதே தொப்பி, அதே தடி, அதே மணி. முதுகில் அதே எழுத்து: 'இருவராக நடக்கிறோம்.' ஒருவர் நாம், இன்னொருவர் மகாகுரு. பின்னாலிருந்து பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. மீன் கடைக்காரி நான், என் குரல் துறைமுகம்வரை கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்த முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே இறங்கினேன்.

"நாலு பேரு பாக்க என்னைக் கோமாளியாக்கிட்டுப் போறீங்களே, நல்லாருக்கா? அந்தப் பாட்டி சிரிக்கிறா! நாப்பது வருஷமா உங்க பின்னாடியே நடந்து நடந்து என் காலு தேஞ்சதுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில நீங்க கண்ணை மூடிக் கெடந்தப்ப நான் என்ன பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? வெளிய நாற்காலியில உக்காந்துக்கிட்டு, இந்த மனுஷன் மட்டும் பிழைச்சு வரட்டும், இனிமே ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். எங்க, திட்டாம இருக்க விடுறீங்களா?"

முதுகு ஒரு கணம் நின்றது. பிறகு தலை குனிந்தபடி நடந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. நாற்பது வருஷத்தில் இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை.

"சரி, பேசுங்க. ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

முதுகு நடந்துகொண்டே இருந்தது.

இவர் கோபித்தால் கால் மணி நேரம் தாங்காது. திட்டியாவது வாயைத் திறந்துவிடுவார். இது என்ன இப்படி ஒரு மௌனம்? வலி வந்து சொல்ல முடியாமல் நடக்கிறாரோ? பாதை ஈரமாக இருந்தது. தேவதாரு வேர்கள் காலைத் தடுக்கின. வழுக்கிக்கொண்டு ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நெஞ்சு வலிக்குதா? சொல்லுங்க!"

அவர் திரும்பினார். என் புருஷன் இல்லை.

நான் போட்ட கூச்சலில் காட்டில் ஏதோ பறவை சடசடத்துக்கொண்டு பறந்தது. ஐம்பது வயது இருக்கும் அந்த ஆளுக்கு. கன்னம் ஒட்டி, மழிக்காத தாடியோடு இருந்தார். இரண்டு கையையும் கூப்பி இடுப்பு வளையக் குனிந்தார். பிறகு கழுத்தில் தொங்கிய மரப்பலகையைத் தூக்கிக் காட்டினார். கையால் எழுதியிருந்தது: 'மௌன விரதம். எண்பத்தெட்டும் முடியும்வரை பேச மாட்டேன். மகள் சயோ கண் திறக்க வேண்டும். மன்னிக்கவும்.'

"என் வீட்டுக்காரர எங்கயாவது பாத்தீங்களா? இதே மாதிரி சட்டை, கொஞ்சம் குட்டையா இருப்பாரு, உங்களுக்கு முன்னாடி எறங்கினாரா?"

இல்லை என்று தலையசைத்தார். தாம்தான் முதலில் இறங்கியதாகக் கையால் காட்டினார். இல்லை, இல்லை, தெரியவில்லை என்று மறுபடி காட்டினார். பனியில் யாரைத்தான் தெரியும்?

அப்போதுதான் முதுகில் தொங்கிய பை என் நினைவுக்கு வந்தது. மாத்திரை என்னிடம் இருக்கிறது. போன் என்னிடம் இருக்கிறது. அந்த மனிதர் எங்கோ வெறுங்கையோடு இருக்கிறார். என் போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ஐயையோ, மாத்திரை எங்கிட்ட இருக்குங்க! அவருக்கு நெஞ்சு சரியில்ல! மாத்திரை இங்க இருக்கு!" என்று அந்த ஆளிடம் பையைத் திறந்து காட்டினேன். அவர் அதை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் யோசிக்கவில்லை, எனக்கு முன்னால் மேலே ஏறத் தொடங்கினார். அந்த நெஞ்சோடு இவ்வளவு தூரம் இறங்கியிருக்க மாட்டார் என்று எனக்கும் பட்டது.

இறங்கும்போது தெரியாத செங்குத்து ஏறும்போது தெரிந்தது. வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து ஏறினேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்று "கோஹெய்!" என்று கத்தினேன். ஊரில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அந்தப் பாதையில் ஓரத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கல்லறைகள் இருக்கும், இங்கே விழுந்து செத்த யாத்திரைக்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்தது. பேர்கூட இல்லாத கல் நிறைய. இறங்கும்போது அவற்றைப் பார்த்துக் கும்பிடக்கூட இல்லை நான். இப்போது ஒவ்வொரு கல்லும் பனிக்குள்ளிருந்து வெள்ளையாக எழும்போது, உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. ஓடிப் போய்ப் பார்ப்பேன். கல்லாக இருக்கும். அடுத்ததற்கு ஓடுவேன். அதுவும் கல்லாகவே இருக்கும்.

அந்த ஆள் தம்மால் முடிந்ததைச் செய்தார். தடியைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்தார். மணியைப் பிடித்து உலுக்கினார். கையைத் தட்டினார். பனி எல்லாவற்றையும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டது. என் புருஷனுக்கோ எண்ணெய்ச் சட்டி இரைச்சலிலேயே பாதிக் காது போய்விட்டது.

மறுபடி வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. முதலில் திட்டித் தீர்த்தது, பிறகு கத்தித் தீர்த்தது, மூச்சு வாங்கினது எல்லாம் சேர்ந்து தொண்டை கட்டிக்கொண்டது. காற்று மட்டும் வந்தது. துறைமுகம்வரை கேட்கிற குரலாம்! வேண்டிய நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குக்கூட எட்டவில்லை. வெளிச்சமும் மங்கத் தொடங்கியது. மலையில் மாலை வந்தால் ஒரேயடியாக வந்துவிடும்.

அவர் சட்டையைப் பிடித்தேன். "நீங்க கூப்பிடுங்க" என்றேன், அந்தக் காற்றுக் குரலில். "ஒரே ஒரு தடவை. கோஹெய்னு ஒரு தடவை கத்துங்க. உங்க காலுல விழுறேன்."

அவர் ஓர் எட்டுப் பின்னால் போனார். பலகையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாய் இறுகி மூடியிருந்தது. கண் மட்டும் கெஞ்சியது. அந்த மாதிரிக் கண்ணை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கண்தான் இருந்தது. நான் 'திட்ட மாட்டேன்' என்று வேண்டிக்கொண்ட மாதிரி இந்த மனிதர் 'பேச மாட்டேன்' என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் போல இல்லாமல் அதைக் காப்பாற்றிக்கொண்டும் வந்திருக்கிறார். எந்த வாயால் நான் அதைக் கேட்பது? கையை விட்டேன்.

"வேணாங்க. தெரியாம கேட்டுட்டேன். உங்க பொண்ணு இருக்கா. வேணாம்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அழுதுகொண்டே, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டே ஏறினேன்.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மனிதக் குரல் என்றே முதலில் தோன்றவில்லை. துருப் பிடித்த கதவைப் பிடுங்கித் திறக்கிற மாதிரி இருந்தது.

"கோ… ஹெய்!"

நான் திரும்பினேன். அவர் பாதை நடுவில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. இன்னொரு தடவை மூச்சை இழுத்தார்.

"கோஹெ…ய்! கோஹெய் ஐயா…!"

இந்தத் தடவை குரல் முழுசாக வந்தது. மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது. அவர் நிறுத்தவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், கன்னத்தில் கண்ணீர் வழிய வழியக் கூப்பிட்டார்.

இன்னும் கொஞ்சம் மேலே, பாதைக்கு இடது பக்கம் இருந்த ஒரு பள்ளத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டது. கிண். கிண். மெல்ல, மரியாதையாக.

எப்படி அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து சறுக்கினேனோ, உருண்டேனோ. தேவதாரு மரத்தடியில், பேரில்லாத ஒரு கல்லறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் என் புருஷன். முகம் சாம்பல் மாதிரி இருந்தது, உதடு நீலம். தடி அவர் மடியில் கிடந்தது. மாத்திரையைப் பிரிக்க என் விரல் ஒத்துழைக்கவில்லை. அந்த ஆள்தான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தார். நாக்குக்கு அடியில் வைத்து, அவர் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சு இருக்கிறதா, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் ஒரு ஜென்மம் மாதிரி போனது. உதட்டில் மெல்ல நிறம் வந்தது.

"கினுயோ" என்றார். "நீயும் செத்துட்டியா?"

"என்ன பேச்சுங்க இது?"

"வலி வந்துச்சு, பாதைய விட்டு எறங்கி இங்க உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல நீ மேல பாதையில போனே. என்னைத் திட்டிக்கிட்டே போனே. உனக்கு முன்னாடி நான் நடந்து போறேன், என் முதுகே எனக்குத் தெரிஞ்சுச்சு. கூப்பிடலாம்னா மூச்சு வரல. அப்பத்தான் புரிஞ்சுச்சு, சரி, நான் செத்துட்டேன், இது சும்மா கெடக்குற உடம்புன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "செத்தும் விட மாட்டேங்குறாளேன்னு நெனச்சேன்."

அவர் தலையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் ஏன் மணிய ஆட்டினீங்க?"

"ஆம்பளக் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சே. மகாகுருதான் கூட்டிட்டுப் போக வந்துட்டாருன்னு நெனச்சேன். அவரு கூப்பிட்டுப் பதில் சொல்லாம இருக்கலாமா?"

அந்த ஆள் இதைக் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். பிறகு திடுமென்று மேலே ஓடினார். கோயிலிலிருந்து இரண்டு இளம் பிக்குகளை ஸ்ட்ரெச்சரோடு அழைத்துவந்தவர் அவர்தான். ரோப் கார் நிலையம்வரை ஒரு முனையைத் தோளில் சுமந்ததும் அவர்தான். கீழே ஆம்புலன்ஸ் வருகிறது, ரோப் கார் மேலே வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். என் புருஷனுக்குப் போர்வை போர்த்திப் பெஞ்சில் படுக்க வைத்தோம். கையைத் தொட்டால் சூடாக இருந்தது.

அந்த ஆள் கழுத்திலிருந்து பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பேரு என்னங்க?" என்று கேட்டேன், வந்த குரலில்.

"குசுமோதோ." அவருக்கும் குரல் கரகரத்தது. "நீங்க மகாகுருகிட்டதான் சண்டை போடுறீங்கன்னு நெனச்சேம்மா. நானும் தெனமும் மனசுக்குள்ள போடுறேன். அதான் திரும்பல. திரும்பியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"பொண்ணுக்கு என்ன?"

"சைக்கிள்ல போனா. லாரி அடிச்சிருச்சு. குளிர்காலத்துல பனி கொட்ட ஆரம்பிச்சதுலேருந்து கண்ணே திறக்கல." அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "போன் இருந்தாக் குடுங்கம்மா. நான் என்னுத வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். பேசினதுக்கு அங்க ஏதாவது… எனக்குப் பயமா இருக்கு."

என் பயம் பள்ளத்திலேயே தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது எங்கள் தலையில்தான் விடியும், காலம் முழுக்க. இங்கே சிக்னல் வந்திருந்தது, போனைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி என்னிடமே நீட்டினார். நான்தான் அவர் சொல்லச் சொல்ல எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரு?" ஒரு பெண் குரல்.

"நான்தான்."

அந்தப் பக்கம் ஒரே அலறல். "ஏன் பேசுறீங்க? இன்னும் முடிஞ்சிருக்காதே! இன்னும் எத்தனை கோயில் இருக்கு! ஏங்க பேசினீங்க?"

என் புருஷன் பெஞ்சில் தலையைத் தூக்கினார்.

"மலையில ஒருத்தரக் கூப்பிட வேண்டியதாப் போச்சு, ஹனயே. நான் கூப்பிடலன்னா செத்துருப்பாரு" என்றார் குசுமோதோ.

"யாரு அவரு?"

"தெரியாது."

அந்த அம்மா அழுதார். வாயில் துணியை வைத்து அடக்குகிற அழுகை அது. நான் போனைக் கீழே போட்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி அந்தக் குரல் கேட்டது. "பிழைச்சாரா?"

"பிழைச்சாரு. இங்கதான் படுத்திருக்காரு."

"சரி" என்றார் அந்த அம்மா. மூக்கை உறிஞ்சினார். "சயோ அப்படியேதான் இருக்கா. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நீங்க போனதுலேருந்து அவளும்தான் உங்க சத்தத்தக் கேக்கல. இருங்க, காதுல வைக்கிறேன். பேசுங்க."

ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஆஸ்பத்திரி மிஷினின் பீப், பீப் பக்கத்தில் வந்தது.

குசுமோதோ என்னைப் பார்த்தார். "என்ன பேசுறது?"

எனக்குக் குரல் இல்லை. கூப்பிடுங்க என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

அவர் கண்ணை இறுக்கி மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"சயோ!"

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. ரோப் கார் வந்து கதவைத் திறந்து நின்றது. யாரும் அசையவில்லை. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டார்.